பருவமும் பாட்டும்: கெல்டிக் கவிமரபின் வாழ்வும் தாழ்வும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிறமொழிக் கவிமரபு ஒன்றனைப் பற்றி இவ்விழாவில் உரையாற்றுமாறு வட்டத்தார் பணித்தனர். கிரேக்கம், இலத்தீன் என்று நாம் பலகாலும் ஒப்பிட்டுப் பேசியவற்றை விடுத்து, கெல்டிக் மக்களின் மரபை நான் தேர்ந்துகொண்டேன். அம்மரபு புலவனுக்கு மன்னனையடுத்த இருக்கையை அளித்தது. பின்னர்ப் புரவலரை இழந்தது, நிலத்தை இழந்தது, பெரும்பகுதி மொழியையும் இழந்தது. ஆயினும் அதன் பாட்டு முற்றாக அவிந்துவிடவில்லை. அதனைக் காத்தது எது? காக்க இயலாமற் போனது எது? பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை கேட்டுவரும் ஓர் அவைக்கு இவ்வினாக்கள் அயலானவை அல்ல என்று நம்புகிறேன்.

கெல்டிக் என்னும் பெயர்

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். கெல்டிக் என்பது ஓர் இனத்தின் பெயர் என்பதைக் காட்டிலும் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர் என்று கொள்வதே தக்கது. ஐரிஷ், ஸ்காட்லாந்தின் கேலிக், மான் தீவின் மாங்க்ஸ் ஆகியன ஒரு கிளை. வெல்ஷ், கார்ன்வாலின் கார்னிஷ், பிரான்சின் மேற்கு முனையில் வழங்கும் பிரெட்டன் ஆகியன மற்றொரு கிளை. இவற்றின் உறவை எட்வர்ட் லூயிட் என்னும் வெல்ஷ் அறிஞர் 1707-இல் வெளியிட்ட நூல் விளக்கிற்று. அதன் பின்னரே இம்மொழிகளைப் பேசுவோர் தம்மைக் கெல்டியர் என்று எண்ணிப்பார்க்கும் வழக்கம் பரவியது.

மொழியாராய்ச்சி ஒரு மக்கட்கூட்டத்திற்குத் தன்னைப் பற்றிய புதிய நினைவைத் தரக்கூடும் என்பது தமிழர்க்கு விளக்க வேண்டாத செய்தி. எல்லிஸ் 1816-இல் சுட்டிக்காட்டிய உறவை விரித்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டவர் கால்டுவெல். அவர் 1814-இல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில், ஸ்காட்லாந்து வழிவந்த பெற்றோர்க்குப் பிறந்தவர். இடையன்குடியில் வாழ்ந்து நமக்கு நம் மொழிக்குடும்பத்தை அடையாளங் காட்டியவர் பிறந்த மண், தன் மொழியைப் படிப்படியாக இழந்துகொண்டிருந்த மண் என்பது கருதத்தக்கது.

ஆறு மொழிகளின் மரபையும் ஓர் உரைக்குள் அடக்க இயலாது. ஆதலின் அயர்லாந்தைப் பற்றி விரிவாகவும், வேல்ஸ் நாட்டைப் பற்றி இறுதியில் சுருக்கமாகவும் கூறுவேன்.

ஆண்டின் நான்கு வாயில்கள்

பழைய அயர்லாந்தில் ஆண்டு இரு கூறாகப் பகுக்கப்பட்டது: இருட்கூறு, ஒளிக்கூறு. நாள் மாலையில் தொடங்குவது போல, ஆண்டும் இருளில் தொடங்கிற்று. கால் நாட்டுக் கெல்டியர் இரவைக் கொண்டே நாளைக் கணக்கிட்டனர் என்று சீசரும் எழுதியுள்ளார். இவ்விரு கூற்றையும் நான்கு நாட்கள் எல்லையிட்டன.

நவம்பர் முதல் நாள் சௌவின். கோடைக்கால மேய்ச்சல் நிலத்திலிருந்து கால்நடைகள் ஊருக்குத் திரும்பும் காலம் அது. பனிக்காலம் முழுதும் தீனியிட்டுக் காக்க முடியாதவற்றை அப்போது அறுத்துவிடுவர். நிலத்தில் எழுந்து நிற்கும் பழங்காலப் புதைமேடுகள் அன்றிரவு திறந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. இறந்தோர் தம் இல்லம் தேடி வருவர். அவர்க்காக அடுப்பில் கனலை அவியாது வைத்து, உணவும் எடுத்துவைப்பர். சிறுவர் முகத்தை மறைத்து வேடமிட்டு வீடு வீடாகச் செல்வர். நூல்கோல் போன்ற கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம், கடல் கடந்து அமெரிக்கா சென்றபின் பூசணிக்காய்க்கு மாறிற்று. இன்று உலகெங்கும் கடைவீதிகளில் விற்பனையாகும் ஹாலோவீன் இதன் வழிவந்ததே.

பிப்ரவரி முதல் நாள் இம்பொல்க். ஈனும் பருவத்து ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் காலம். இந்நாள் பிரிஜித்துக்கு உரியது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முந்திய ஐரிஷ் சொல்லகராதி ஒன்று, பிரிஜித்தைப் புலவர் வழிபட்ட தெய்வம் என்று குறிக்கிறது. மருத்துவத்துக்கும் கொல்வினைக்கும் உரிய அதே பெயருடைய இரு தங்கையர் அவளுக்கு உண்டு என்றும் கூறுகிறது. கிறித்தவம் வந்தபின் கில்டேர் மடத்துத் தூய பிரிஜித்தின் திருநாளாக அது நிலைபெற்றது. கோரைப்புல்லால் சிலுவை முடைந்து வாயிலில் செருகுவதும், முன்னிரவில் ஒரு துணியை வெளியே போட்டு வைத்து, அவள் அவ்வழிச் செல்கையில் அதற்கு நோய்தீர்க்கும் ஆற்றலை அருளுவாள் என்று நம்புவதும் இன்றுவரை உள்ளன. 2023 முதல் அயர்லாந்து அரசு இத்திருநாளை ஒட்டிப் பொது விடுமுறை அளிக்கிறது. பாட்டுத் தெய்வமும் கொல்லுத் தெய்வமும் உடன்பிறந்தார் என்ற எண்ணம், கவிதையை ஒரு கைத்தொழிலாகவே கருதிய சமுதாயத்தைக் காட்டுகிறது.

மே முதல் நாள் பெல்ட்டனா. இரு தீ மூட்டி அவற்றின் இடையே கால்நடைகளை ஓட்டி நோயகற்றினர் என்பது பழைய குறிப்பு. அதன்பின் ஆநிரை மலைமேய்ச்சலுக்கு ஏறும். இளம்பெண்கள் உடன்சென்று குடிலமைத்துத் தங்கிப் பால்கறந்து வெண்ணெய் எடுப்பர். முல்லைத்திணை கற்றார்க்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகஸ்டு முதல் நாள் லூனசா. புது விளைச்சலின் திருநாள். லூ என்னும் தெய்வம் தன் வளர்ப்புத்தாய் நினைவாக இவ்விழாவை ஏற்படுத்தினான் என்பது தொன்மம். மக்கள் மலையுச்சியில் கூடினர், காட்டுப் பழம் பறித்தனர், பாடினர், மணத்துணை தேர்ந்தனர். உருளைக்கிழங்கு முதன்மை உணவாகிய பிற்காலத்தில், அவ்வாண்டின் முதற்கிழங்கை அகழும் நாளாகவும் அது அமைந்தது. ஜூலை இறுதி ஞாயிறன்று க்ரோ பேட்ரிக் மலைமீது ஆயிரக்கணக்கானோர் ஏறும் திருப்பயணத்தில் இதன் சாயலை அறிஞர் காண்கின்றனர்.

இந்நான்கு நாட்களையும் நான் எடுத்துரைத்தது விழாக்களின் புதுமை கருதியன்று. அயர்லாந்தில் கதைக்கும் பாட்டுக்கும் காலவரையறை இருந்தது. நெடுங்கதை சொல்வது குளிர்கால இரவுக்கு உரியது. மோங்கன் என்னும் அரசனுக்கு ஃபோர்கல் என்னும் புலவன் சௌவின் தொடங்கிப் பெல்ட்டனா வரை இரவுக்கு ஒரு கதையாகச் சொன்னான் என்று பழைய கதை ஒன்று கூறுகிறது. பாட்டு என்பது விரும்பியபோது புரட்டிக்கொள்ளும் ஏடாக அங்கு இருக்கவில்லை. பருவம் வந்தது, மக்கள் கூடினர், கூட்டத்தில் பாட்டு எழுந்தது. இவ்வொழுங்கை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

புலவன், ஓதுவான், யாழோன்

அயர்லாந்தில் கல்வியில் தேர்ந்த புலவனை ஃபிலி என்றனர். ஃபிலி பல படிநிலைகளைக் கடந்து உயர்நிலை எய்த வேண்டும். அதற்குப் பன்னீராண்டுப் பயிற்சி ஆகும் என்பர். யாப்பு, குலவரலாறு, இடப்பெயர்க் கதைகள், நூற்றுக்கணக்கான நெடுங்கதைகள் ஆகியன பாடம். பார்ட் என்பான் அவனினும் தாழ்ந்த தகுதியன் என்று பழைய சட்ட நூல்கள் பிரித்துரைக்கின்றன. புலவர்க்கும் பாணர்க்கும் இடையே நம் இலக்கியம் காட்டும் வேறுபாட்டை இஃது ஒருவாறு நினைவூட்டும்.

புலவர் பள்ளிகளின் இறுதிக்காலத்தை விவரிக்கும் குறிப்பொன்று 1722-இல் அச்சேறிய நூலில் உள்ளது. பள்ளி, கூதிர் தொடங்கும்போது திறந்து மார்ச்சு 25 வரை நடக்கும். மாணவர் பலகணியில்லாத சிற்றறைகளில், இருளில், படுக்கையில் கிடந்தவாறே கொடுத்த பொருள்பற்றி நாள் முழுதும் மனத்தில் யாப்பர். இரவில் விளக்கு வந்தபின்னரே அதனை எழுதுவர். உலகின் காட்சிகள் மனத்தைச் சிதறடிக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. இவ்வாறு இயன்ற பாட்டைப் புலவன் தானே பாடுவதில்லை. ஓதுவதற்கென்று பயின்ற ஒருவன் ஓத, யாழோன் உடனிருந்து மீட்ட, புரவலன் கேட்பான். யாத்தவன், ஓதியவன், மீட்டியவன், கேட்டவன் என நால்வர் கூடினாலன்றிக் கவிதை நிறைவுறாது.

புலவனது ஆற்றல் புகழ்மொழியோடு நின்றதில்லை. கருமியாகிய மன்னன் மீது வசை பாடினால் அவன் முகத்தில் கொப்புளம் எழும் என்றும், குறையுடைய முகத்தினன் ஆளத் தகுதியற்றவன் என்றும் நம்பினர். ப்ரெஸ் என்னும் மன்னனிடம் கார்ப்ரெ என்னும் புலவன் விருந்தினனாக வந்தான். தீயும் கட்டிலும் இல்லாத இருண்ட சிறுகுடிலில் அவனைத் தங்கவைத்து, காய்ந்த அப்பம் மூன்றை ஒரு சிறு தட்டில் வைத்து அனுப்பினர். மறுநாட் காலை புலவன் பாடிய வசையோடு அம்மன்னனின் செல்வாக்குச் சரிந்தது. அயர்லாந்தில் பாடப்பெற்ற முதல் வசைப்பாட்டு அதுவே என்பர். குமணன் அளித்த யானையை இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டுச் சென்ற பெருஞ்சித்திரனாரையும், அறம் பாடுதல் பற்றி நம்மிடையே வழங்கும் கதைகளையும் அறிந்தவர்க்கு இச்செய்தி வியப்பளிக்காது. ஈகையால் மட்டும் புலவனைக் கட்டுப்படுத்த இயலாது. மதிப்பும் வேண்டும் என்பதை இரு மரபும் உணர்ந்திருந்தன.

புரவலர் இல்லாத நாட்கள்

1601-இல் கின்சேல் போரில் ஐரிஷ் தலைவர் தோல்வியுற்றனர். 1607-இல் வடபகுதிக் குறுநிலத் தலைவர் கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றனர். அவர்தம் நிலங்கள் புதிய குடியேறிகளுக்குப் பகுத்தளிக்கப்பட்டன. பள்ளிகளைப் புரந்தவர் இல்லையாகவே, பதினேழாம் நூற்றாண்டின் போக்கில் புலவர் பள்ளிகள் அற்றுப்போயின. பன்னீராண்டு பயின்ற புலவனுக்கு வேலையில்லை. வல்விலோரியும் பாரியும் ஒருசேர மறைந்த நாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

எஞ்சியவன் யாழோன். அவனும் ஊர் ஊராக, மாளிகை மாளிகையாகச் சுற்றித் திரிந்தான். 1670-இல் பிறந்த டர்லோ ஓ கரோலன் பதினெட்டு வயதில் அம்மை நோயால் பார்வையிழந்தார். ஒரு புரவலப் பெருமாட்டி அவரை யாழ் பயிலச் செய்து, குதிரையும் துணையாளும் பொருளும் தந்து அனுப்பினார். 1738-இல் இறக்கும்வரை தம்மை விருந்தோம்பிய குடும்பங்களின் பெயராலேயே அவர் இசை இயற்றினார். இருநூற்றுக்கு மேற்பட்ட அவருடைய மெட்டுகள் இன்று கிடைக்கின்றன. பார்வையிழந்த சிறுவனுக்கு யாழ் ஒரு பிழைப்பு. அவனுக்கு விருந்தளிப்பது பழங்குடும்பங்களுக்கு ஒரு கடமை. இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு மரபு மேலும் ஒரு நூற்றாண்டு தவழ்ந்தது.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட் நகரத்தார் சிலர் எஞ்சிய யாழோரை அழைத்து ஒரு கூட்டம் நடத்தினர். வந்தவர் பதினொருவரே, அவருள்ளும் ஒருவர் வேல்ஸ் நாட்டவர். பலர் முதியோர்; பார்வையற்றோர். தொண்ணூறு வயது கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் ஒருவரே உலோகக் கம்பிகளை நீண்ட நகத்தால் மீட்டும் பழைய முறையைக் கைக்கொண்டிருந்தார். மெட்டுகளைக் குறித்துக்கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்ட்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர். அவர் அதனைத் தம் வாழ்நாட்பணியாக ஏற்று 1840 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார். அவர் இல்லையெனில் அவ்விசையின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது.

ஆயினும் அவர் வெளியிட்டவை பியானோவுக்கு ஏற்ப மாற்றியமைத்த வடிவங்கள். நகத்தால் மீட்டிய கம்பியின் ஒலியும் முறையும் அவ்வச்சில் ஏறவில்லை. ஐரிஷ் சொற்களைத் திரட்ட 1802-இல் பேட்ரிக் லிஞ்ச் என்பாரைக் கானாட் பகுதிக்கு அனுப்பினார். திரட்டிய சொற்களோ தொகுதிகளில் இசையோடு சேரவில்லை. தாமஸ் மூர் அம்மெட்டுகள் பலவற்றுக்கு ஆங்கிலப் பாட்டெழுதிப் பெரும்புகழ் பெற்றார். மெட்டு பிழைத்தது, மொழி அதனின்று பிரிந்தது. அயர்லாந்தின் அரசுச் சின்னமாகவும் நாணயத்தின் முத்திரையாகவும் யாழ் விளங்குகிறது. ஆனால் ஹெம்ப்சன் 1807-இல் மறைந்தபின் அவருடைய மீட்டுமுறை வழிவழியாகத் தொடரவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வின் துணையால் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. சிலம்பின் அரங்கேற்று காதையை வைத்துக்கொண்டு யாழின் இலக்கணத்தைக் கணக்கிட்டு, 1947-இல் ‘யாழ் நூல்’ தந்த விபுலானந்த அடிகளின் உழைப்பை நினைந்தால், கைவிட்ட கருவியைத் திரும்பப் பெறுவது எத்துணை அரிது என்பது விளங்கும்.

பெண்டிர் பாடிய கையறுநிலை

மன்னரும் பள்ளிகளும் மறைந்த பின்னும் புரவலர் எவரையும் வேண்டாத ஒரு பாட்டு இருந்தது. அது சாவு வீட்டில் பெண்கள் பாடிய கீனா, அஃதாவது நம் ஒப்பாரி. இறந்தவரைப் பெயர்சொல்லி அழைத்து, குலம் கூறி, குணம் கூறி, கொடியோரைச் சபித்து, சுற்றியிருக்கும் பெண்கள் குரல் சேர்க்க அஃது எழும். கூலிக்குப் பாடும் தேர்ந்த பெண்களும் இருந்தனர். திருச்சபை பலமுறை தடுத்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அது நிற்கவில்லை.

அவற்றுள் தலையாயது எய்லீன் ஓ கானல் தம் கணவர் ஆர்ட் ஓ லியரிக்காகப் பாடியது. கத்தோலிக்கர் ஐந்து பவுனுக்கு மேல் விலைபெறும் குதிரை வைத்திருக்கக் கூடாது என்று அந்நாளில் ஒரு சட்டம் இருந்தது. ஆஸ்திரியப் படையில் பணியாற்றித் திரும்பிய ஆர்ட், தம் உயர்ந்த குதிரையை அத்தொகைக்குக் கேட்ட அதிகாரிக்குத் தர மறுத்தார். பகை முற்றி, 1773 மே 4 அன்று கார்க் மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளில்லாக் குதிரை குருதிக் கறையோடு வீடு திரும்பியதும், மனைவி அதன்மீது பாய்ந்தேறிச் சென்று கணவனின் உடலைக் கண்டதும், வழியும் குருதியைக் கையால் அள்ளிப் பருகியதும் அப்பாட்டில் வருகின்றன. சாவு நிகழ்ந்த இரவில் மனைவி உறங்கினாள் என்று நாத்தி குத்திக்காட்ட, குழந்தைகளை உறங்கவைக்கவே சென்றேன் என்று அவள் விடைகூறும் பகுதியும் உண்டு. துயரின் நடுவே இரு பெண்கள் வழக்காடுகின்றனர். நம் ஊர்ச் சாவு வீட்டில் ஒப்பாரியைக் கேட்டவர் இதனை நம்ப மறுக்கமாட்டார்.

இப்பாட்டு உடனே எழுதப்படவில்லை. சாவு வீடுகளில் பாடிவந்த ஒரு பெண்ணின் வாய்மொழியிலிருந்தே பிற்காலத்தார் எழுதிக்கொண்டனர். பள்ளியில் பயின்ற ஆடவர் கவிதையின் ஏட்டுச்சுவடிகள் ஆயிரம் இருக்க, பதினெட்டாம் நூற்றாண்டின் மிகச்சிறந்த ஐரிஷ் கவிதையாகப் பலரும் மதிப்பது ஒரு பெண் பாடிப் பிற பெண்கள் நினைவில் வைத்துக் காத்த பாட்டு. காக்கைபாடினியாரும் ஔவையாரும் இடம்பெற்ற தொகைநூல்களை உடைய நாம், தொகுக்கப்படாமற் போன பெண்பாட்டு எத்துணை என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொகுத்தோரும் தொகைகளும்

1845 முதல் 1852 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். மேலும் அத்துணைப் பேர் நாட்டை நீங்கினர். ஐரிஷ் பேசிய மேற்குக் கரையே மிகுதியும் பாதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின் அரசு 1935-இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையத்தை நிறுவிற்று. சேமஸ் ஓ டுயிலார்கா அதன் இயக்குநர். தொகுப்போர் மெழுகு உருளையில் குரலைப் பதிந்து, சொல்லுக்குச் சொல் எழுதியபின், பணமின்மையால் அவ்வுருளையைச் சீவி மீண்டும் பயன்படுத்தினர். எழுத்து நிலைத்தது, குரல் பல அழிந்தன.

1937 முதல் 1939 வரை நடந்த பள்ளித் திட்டம் மிகப் பெரிது. ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளில் 50,000-க்கும் மேற்பட்ட மாணாக்கர் தத்தம் பாட்டன் பாட்டியரிடம் கதை, பழமொழி, மருந்து, விளையாட்டு, விழாச் செய்தி ஆகியவற்றைக் கேட்டு எழுதினர். திரண்டவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. தம் மொழி நலிவதை அறிந்த ஒரு சிறிய, வறிய நாடு பள்ளிப் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்துச் சாதித்த செயல் இது.

ஈண்டு நம் தமிழாய்வோடு நேராகத் தொடர்புடைய ஒரு செய்தியைக் கூறவேண்டும். அயர்லாந்தின் தென்மேற்கில் பெரிய பிளாஸ்கெட் என்னும் சிறு தீவு உண்டு. ஜார்ஜ் தாம்சன் என்னும் கிரேக்க மொழி மாணவர் 1923-இல் அங்குச் சென்றார். எழுத்தறிவு குறைந்த மீனவரும் உழவரும் அன்றாடப் பேச்சிலேயே கவிதைப் பாங்கோடு உரையாடுவதைக் கண்டு, ஹோமரைப் புதிய கண்ணோடு படிக்கத் தொடங்கினார். அவர் ஊக்கத்தால் மொரிஸ் ஓ சல்லிவன் என்னும் தீவு இளைஞர் எழுதிய தன்வரலாறு 1933-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அதே தாம்சன் பின்னர்ப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, அவரிடம் ஆய்வு செய்தவர் ஈழத்தின் க. கைலாசபதி. சங்கப் பாடல்களை வாய்மொழி வீரயுகப் பாடல்களாகக் கண்டு, கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் மரபுகளோடு ஒப்பிட்ட அவரது ஆய்வு ‘தமிழ் வீரநிலைக் கவிதை’ 1968-இல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. பிளாஸ்கெட் தீவின் பேச்சு, ஓர் ஆசிரியரின் செவி வழியாகப் புறநானூற்றைப் பற்றிய நம் சிந்தனையை வந்தடைந்தது.

கைலாசபதியின் முடிவை அறிஞர் அனைவரும் ஏற்றனர் என்று கூற முடியாது. சங்கப் புலவர் கற்றறிந்தோர். பாணர் மரபைத் தழுவி எழுதியோர் என்பது மாற்றுக் கருத்து. இருண்ட அறையில் மனத்துள் யாத்துப் பின் எழுதி, பிறனொருவன் ஓத விடுத்த ஐரிஷ் புலவனை நோக்கின், வாய்மொழி, எழுத்து என்று இரண்டாகப் பிளந்து பார்ப்பதே முழுதும் பொருந்துமா என்னும் ஐயம் எழுகிறது. இரண்டும் ஓர் அவையில் ஒருங்கிருந்த காலமும் உண்டு. இத்துறையில் ஆய்வு செய்ய விழையும் இளையோர் ஐரிஷ் சான்றுகளை இன்னும் நுணுகி நோக்க வேண்டும் என்பது என் விழைவு.

அத்தீவின் கதை 1953-இல் முடிந்தது. இளையோர் அமெரிக்காவுக்குச் செல்ல, எஞ்சிய இருபத்திரண்டு பேரையும் அரசு பெருநிலத்துக்குக் கொண்டுவந்தது. தீவு தந்த நூல்கள் நூலகங்களில் உள்ளன. அவற்றைப் பேசிய ஊர் இல்லை. 2022 மக்கள்தொகைக் கணக்கின்படி அயர்லாந்துக் குடியரசில் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஐரிஷ் தெரியும் என்றனர். கல்விக்கூடத்துக்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே.

ஆளில்லா இருக்கை

வேல்ஸ் நாட்டின் வழி சற்று வேறு. 1176-இல் ரீஸ் என்னும் குறுநில மன்னன் கார்டிகன் கோட்டையில் புலவரையும் இசைவாணரையும் போட்டிக்கு அழைத்து, வென்றோர்க்கு இருக்கை வழங்கினான். அவ்வழக்கின் தொடர்ச்சியாகக் கருதப்படும் ஐஸ்டெத்வொட் என்னும் தேசிய விழா ஆண்டுதோறும் ஆகஸ்டுத் தொடக்கத்தில் வெல்ஷ் மொழியிலேயே நடைபெறுகிறது. எதுகை மோனையைக் காட்டிலும் இறுக்கமான ஒலியமைதி விதிகளின்படி யாத்த நெடும்பாட்டுக்கே இருக்கை உரியது.

அவ்விழாவின் சடங்குகள் பழமையானவை அல்ல. கல்தச்சராகிய இயோலோ மோர்கனுக் என்னும் கவிஞர் 1792 ஜூனில் இலண்டன் குன்றொன்றில் தாமே புனைந்து நடத்திய சடங்கு அது. பழஞ்சுவடி என்று அவர் காட்டியவற்றுட் பல அவரே எழுதியவை என்பதைப் பிற்கால ஆய்வு நிறுவிவிட்டது. பெல்ஃபாஸ்டில் யாழோர் கூடியது அடுத்த மாதமே. உண்மையான பழமை ஒருபுறம் நூலாயிற்று. புனைந்த பழமை மறுபுறம் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைக் கவிதையின் பொருட்டுக் கூட்டுகிறது. பொய்ச்சுவடியை நான் போற்றவில்லை. அஃது ஆய்வுக்கு இழைத்த தீங்கு பெரிது. ஆயினும் ஒரு மொழி உயிரோடிருக்கக் கூட்டம் தேவை என்பதை அந்தக் கல்தச்சர் உணர்ந்திருந்தார்.

1917 செப்டம்பரில் பர்க்கன்ஹெட் நகரில் அவ்விழா நடந்தது. வென்ற கவிஞரைப் புனைபெயரால் அழைத்தனர். எவரும் எழவில்லை. ஹெத் வின் என்று அறியப்பட்ட அந்த இளம் உழவர் ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன், ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்க்களத்தில் மாண்டிருந்தார். இருக்கையைக் கறுப்புத் துணியால் போர்த்தினர். புறத்திணையில் இதற்குத் துறை வகுக்கவில்லை. ஆயினும் அவைநடுவே நின்ற அவ்விருக்கையே ஒரு கையறுநிலை. வேல்ஸில் இன்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே வெல்ஷ் பேசுகின்றனர். அவர்கள் ஆகஸ்டில் கூடுவதை மட்டும் கைவிடவில்லை.

நிறைவாக

ஐரிஷ் மொழியில் கருவித்துணையின்றிப் பாடும் பழைய முறையொன்று உண்டு. பாடுவோர் கண்மூடி, சுவரை நோக்கியவாறு பாடுவர். அருகிருக்கும் ஒருவர் பாடுவோரின் கையைப் பற்றிப் பாட்டின் போக்குக்கேற்ப மெல்லச் சுழற்றுவார். இடையிடையே மற்றையோர் ஊக்கச் சொல் உரைப்பர். கேட்பவரும் பாட்டில் பங்காளர். அம்முறையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை நெஞ்சில் வைத்திருந்த ஜோ ஹீனி, நியூயார்க் நகரில் ஓர் அடுக்ககத்தின் வாயிற்காவலராகப் பல்லாண்டு பணிபுரிந்தார். 1982-இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசிய மரபுரிமைச் சிறப்பு வழங்கியது. இரண்டாண்டில் அவர் மறைந்தார். அவர் கதவைத் திறந்துவிட்டவருள் எத்துணைப் பேர் அவர் பாட்டைக் கேட்டிருப்பர்?

என் கருத்து இதுவே. தொகுப்பு வேண்டும், தொகுக்காதது தொலையும் என்பதற்கு அழிந்த உருளைகள் சான்று. தொகுப்பு மட்டும் போதாது. ஆளற்ற தீவு அதற்குச் சான்று. பருவந்தோறும் கூடிக் கேட்கும் செவிகள் இருக்கும் வரையில் பாட்டு இருக்கும். இவ்வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு முதியவரையேனும் அணுகி, தாலாட்டோ, நடவுப் பாட்டோ, ஒப்பாரியோ, பாடியவர் பெயரும் ஊரும் பாடும் பருவமும் குறித்து எழுதி வாருங்கள். எழுதியதை ஏட்டில் விட்டுவிடாது, இயலுமாயின் பாடியவரையே அழைத்து வந்து இந்த அவையில் பாடச் செய்யுங்கள். நம் கவிதைகளைப் படிப்பதற்கு முன் அவர் பாட்டைக் கேட்போம்.